கொசுறுக்கும் எடை உண்டு

1

எங்கள் சமையல் மேடையில் இரண்டு எடை மெஷின்கள் இருக்கின்றன. பெரியது ஐந்து கிலோ வரை நிறுக்கும். இப்போது அதற்கு வெங்காயம், உருளைக்கிழங்கு வேலை மட்டும்தான். சின்னது உள்ளங்கையில் அடங்கிவிடும். அரைக் கிலோவுக்கு மேல் அதன் தலையில் ஏற்றக் கூடாது. ஆனால் ஒரு கிராமைப் பத்தாகப் பிளந்து சொல்லும். வீட்டில் அதற்கு இருக்கும் மரியாதை எனக்குக் கிடையாது.

போன வாரம் சின்னதின் பேட்டரி தீர்ந்துபோனது. மாற்றும்போது, இதை வாங்கி ஒரு வருஷம் ஆகிறது என்று அமுதா நினைவுபடுத்தினாள். அமுதா என் மனைவி. போன வருஷம் வைகாசிப் பௌர்ணமிக்கு ஊருக்குப் போவதற்காக வாங்கியது அது. எங்களுக்கு வைகாசிப் பௌர்ணமி என்றால் புத்தர் பிறந்தநாள். கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் ஸ்கெலட்டன் லைனில் அன்றைக்குத்தான் பண்டிகை. ஒரு சமையலறைத் தராசுக்கா இத்தனை அலட்டல் என்று கேட்ட ஊர் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். அலட்டல்தான். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நாங்கள் அயர்லாந்தில் லிமெரிக் என்ற ஊரில் பத்து வருஷத்துக்கு மேலாக இருக்கிறோம். அமுதா நர்ஸ். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அப்பா காலமெல்லாம் தங்கச் சுரங்கத்தின் கேஜில் ஏறி பூமிக்குள் இறங்கினார். நான் அதே மாதிரிக் கூண்டில் ஏறி மேலே போகிறேன். இரண்டுக்கும் கம்பிக்கயிறுதான் தெய்வம் என்று அப்பா சொல்வார்.

2

யசோதரா எங்கள் ஒரே மகள். யசோ என்றுதான் கூப்பிடுவோம். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் சில நாளிலேயே குதிகாலில் குத்தி, ரத்தச் சொட்டுகளை ஓர் அட்டையில் ஒற்றி அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் அதோடு அதை மறந்தும் விடுவார்கள். எங்களுக்குப் போன் வந்தது.

நோயின் பெயர் நீளம். ஆஸ்பத்திரியில் பி.கே.யு. என்று சுருக்கிச் சொல்வார்கள். புரதத்தில் இருக்கும் ஒரு சத்தை அவள் உடம்பால் உடைக்க முடியாது. அது ரத்தத்தில் தேங்கினால் மூளைக்குக் கேடு. தேங்காமல் பார்த்துக்கொண்டால் எல்லாப் பிள்ளைகளையும் போல வளர்வாள், படிப்பாள், வாயாடுவாள். மூன்றும் நடக்கிறது, மூன்றாவது கொஞ்சம் கூடுதலாகவே.

முட்டை, கறி, மீன் கிடையாது. வயிற்றுக்கு ஒரு மருந்துப் பவுடர், சில விசேஷ மாவுகள், காய்கள். அதற்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு பங்கு சாதாரணச் சாப்பாடு. நாற்பத்தைந்து கிராம் சோறு ஒரு பங்கு. வேர்க்கடலை என்றால் நாலு கிராமிலேயே ஒரு பங்கு முடிந்துபோகும். கோலாரில் பிறந்தவனுக்கு வேர்க்கடலைச் சட்னி இல்லாமல் இட்லி இறங்காது. என் மகளுக்கு அது மருந்து மாதிரி கணக்கு.

மாதத்துக்கு இரண்டு முறை விரலில் குத்தி, அட்டையில் ஒற்றித் தபாலில் போடுவோம். டயட்டீஷியன் அம்மா போன் செய்து, ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று ஓர் எண் சொல்வார். எண் கட்டுக்குள் இருந்தால் "கிராண்ட்" என்பார். நம்மூரில் கல்யாணத்துக்குச் சொல்வது போன்ற ஆடம்பர கிராண்ட் இல்லை, சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வந்த புதிதில், இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் ஏன் இப்படிப் புகழ்கிறார்கள் என்று நான் குழம்பியதுண்டு. இப்போது அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறேன்.

3

யசோவுக்கு ஆறு வயதாகும்வரை ஊருக்குப் போகவில்லை. பயம்தான் காரணம், சுற்றி வளைப்பானேன். ஊரில் அப்பாவும் அக்கா செல்வியும் இருக்கிறார்கள். அக்கா என்னைவிட மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவள். வீடியோ காலில் மருமகளைக் கொஞ்சுவாள். யசோ அதற்கு அயர்லாந்து ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பாதி புரியாமலே இரண்டு பேரும் சிரிப்பார்கள். இப்படியே ஆறு வருஷம் ஓடியது. அப்பாவுக்குச் சுரங்கத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது, மூச்சு முன்னைப் போல இல்லை. இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று டிக்கெட் போட்டோம்.

அந்தச் சமயம் பார்த்து எண் ஏற ஆரம்பித்தது. அபாயம் இல்லை, ஆனால் ஒவ்வொரு போனிலும் கொஞ்சம் கொஞ்சம். பள்ளியில் எதையாவது வாங்கிச் சாப்பிடுகிறாளா என்று டயட்டீஷியன் கேட்டார். எண் இறங்காவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னார். போய்வந்து எண் ஏறியிருந்தால் ஆறு பங்கை நாலாகக் குறைக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். அமுதா மகளின் பள்ளிப் பையைப் பார்த்தாள். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. நல்லவேளை கேட்கவில்லை.

மெக்கானிக் புத்தி என்று ஒன்று இருக்கிறது. லிஃப்ட் ஓயாமல் தப்பான மாடியில் நின்றால் ஏறியவர்களைத் திட்டமாட்டோம், சென்சரைக் கழற்றிப் பார்ப்போம். அன்றைக்கு யசோவுக்குப் பருப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பங்குக் கணக்கில் பருப்பு விலை உயர்ந்த சரக்கு, கூடிவிடக் கூடாது என்று ஸ்பூன் நுனியால் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விட்டேன். மெஷின் பூஜ்யம் காட்டியது. இன்னும் விட்டேன். அப்போதும் பூஜ்யம். கண்ணுக்குத் தெரியும்படி பருப்பு சேர்ந்த பிறகு, தூக்கத்திலிருந்து எழுந்தது போலச் சட்டென்று எண் ஓட ஆரம்பித்தது.

பருப்பை ஒரு டம்ளருக்கு மாற்றி, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு அதே பருப்பை ஒரேயடியாக ஊற்றினேன். மூன்று கிராம் கூடுதல். வேர்க்கடலையில் மூன்று கிராம் என்றால் முக்கால் பங்கு. இந்த மாதிரி மெஷின்கள் பூஜ்யத்தில் நிற்கும்போது, மேலே விழும் துளியைத் தூசி என்று நினைத்துத் தன் பூஜ்யத்தையே நகர்த்திக்கொள்ளும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பயந்து பயந்து போடுகிறவனைத்தான் அது ஏமாற்றும். அள்ளிக் கொட்டுகிறவனிடம் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

மகள் திருடித் தின்னவில்லை. எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அமுதா அன்று மாலை யசோவைக் காரணம் சொல்லாமல் கட்டிக்கொண்டாள்.

4

புதுத் தராசு தேட ஆரம்பித்தேன். நான் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

திரையில் எத்தனை புள்ளி காட்டுகிறது என்பது வேறு, அது உண்மை சொல்கிறதா என்பது வேறு. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டிவிட்டு அரை கிராம் பொய் சொல்லும் மெஷின்களைப் பார்த்துவிட்டேன். ஐந்து கிலோ தாங்குவது சின்ன அளவுக்கு ஆகாது. யானையை நிறுக்கும் தராசில் எறும்பு தெரியாது. சோதித்துப் பார்க்க எடைக்கல் வேண்டும். கல் இல்லாவிட்டால் நாணயம் போதும். ஒரு யூரோ நாணயம் ஏழரை கிராம், எங்கே வைத்தாலும் ஏழரைதான். நம்மூர் ஒரு ரூபாயை நம்பாதீர்கள். அது பெரிசு, சிறிசு என்று பல உருவத்தில் வந்திருக்கிறது.

முதலில் வெறும் தட்டில் நாணயத்தை வைத்துப் பாருங்கள். பிறகு கனமான கிண்ணத்தை வைத்து அதற்குள் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் அதே எண் வர வேண்டும். பிறகு உப்பை விரலால் தூவிப் பாருங்கள். அதை விழுங்காமல் சொல்கிறதா என்பதுதான் முக்கியமான பரீட்சை. எந்த மெஷினாக இருந்தாலும் கிண்ணத்தின் எடையைப் பூஜ்யமாக்காமல் அப்படியே விட்டு, அதற்கு மேல் ஏறுவதைக் கணக்குப் பண்ணுவது நல்லது. பூஜ்யத்தில் நிற்கும்போதுதான் அதற்குத் தூக்கம் வருகிறது.

நான் தேடிய மாதிரி மெஷின் பாத்திரக் கடைகளில் இல்லை. கடைசியில் புகைக்குழாய்களும் சுருட்டுத் தாள்களும் விற்கும் ஒரு சந்துக் கடையில் கண்ணாடிக்குள் இருந்தது. காதில் வரிசையாக வளையம் போட்ட பெண் எடுத்துக் கொடுத்தாள். நான் பையிலிருந்து நாணயங்களையும் உப்புப் பொட்டலத்தையும் எடுத்து வைத்துச் சோதிக்க ஆரம்பித்ததும், வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பருப்பு நிறுக்கத்தான் என்றேன். "நிச்சயமாக" என்று சொல்லிக் கண்ணடித்தாள். என் வாழ்க்கையில் ஒரு பெண் கண்ணடித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் கஞ்சா விற்கிறவன் என்று நினைத்து.

புது மெஷின் வந்து இரண்டு அட்டைகள் போன பிறகு எண் இறங்கியது. போய்வாருங்கள், ஆனால் கவனம் என்றார் டயட்டீஷியன்.

5

வெள்ளைப் பவுடர் டப்பாக்கள் அரைப்பெட்டி, நடுவில் ஒரு குட்டித் தராசு. இதை எடுத்துக்கொண்டு பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று அமுதா முன்பே கேட்டாள். ஆஸ்பத்திரிக் கடிதம் வாங்கியிருந்தோம். அதை வாங்குவதற்கே நாலு தடவை படி ஏறி இறங்கினேன்.

பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி கடிதத்தைப் பார்க்கவில்லை, தராசைத்தான் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பாதியில், நானே எதிர்பாராமல், எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பங்காருபேட்டை சந்தையில் பேசிப் பழகிய கன்னடம் வாயில் வந்துவிட்டது. குழந்தையின் ரத்தம், சாப்பாடு, மூளை என்று கிடைத்த சொல்லையெல்லாம் கோர்த்துச் சொன்னேன். அவர் யசோவைப் பார்த்தார். ஒரு டப்பாவை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். அந்த நாற்றத்தை யாரும் ஆசைப்பட்டு உள்ளே கொண்டுவர மாட்டார்கள் என்று அவருக்கே புரிந்திருக்கும். இதைக் குழந்தை தினமும் குடிக்கிறதா என்று கேட்டுவிட்டு, பெட்டியை அவரே மூடிக் கொடுத்தார்.

6

ஸ்கெலட்டனில் எங்கள் வீட்டுக் கதவு நேராகத் தெருவைப் பார்த்தது. உள்ளே நடப்பது வெளியே தெரியும். முதல் நாள் மத்தியானம் மேஜைமேல் தராசை வைத்து, யசோவின் சோற்றை நிறுத்துக்கொண்டிருந்தேன். அப்பா மெல்ல எழுந்து வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மொதல்ல கதவ சாத்துடா" என்றார்.

எதற்கு என்று கேட்டேன்.

"எங்க காலத்துல இந்த மாதிரி சின்னத் தராசு ஒருத்தன் வூட்டுல கீதுன்னு தெரிஞ்சா போதும். வாட்ச் அண்ட் வார்டுக்காரன் வந்து தரையத் தோண்டிப் பாத்துட்டுதான் போவான். இத போயி வாசல்ல வெச்சிக்கினு கீற."

சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, தங்கத் திருட்டைப் பிடிக்க இருந்த வாட்ச் அண்ட் வார்டு காவலும் இல்லை. அப்பாவுக்கு மட்டும் அவர்கள் இன்னும் தெருமுனையில் நிற்கிறார்கள். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினேன். ஊருக்குள் சாத்திய கதவைப் போல விளம்பரம் வேறு கிடையாது.

அன்றைக்கு நடந்த பெரிய சண்டை அது இல்லை. நாற்பத்தைந்து கிராம் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு ரசம் எடுக்கத் திரும்பினேன். அதற்குள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்த அக்கா, குண்டானிலிருந்து ஒரு பிடி அள்ளி யசோவின் தட்டில் வைத்துவிட்டாள். நான் கத்திவிட்டேன். யசோ கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இது பழக்கம். தட்டில் சந்தேகம் இருந்தால் தொடக் கூடாது என்று மூன்று வயதிலேயே கற்றுக்கொண்டவள்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் யாருக்கும் அளவாகப் போட்டதில்லை. போட்டு முடித்த பிறகு ஒரு கொசுறு போட வேண்டும். ரயிலில் உடன் வரும் பெண்களுக்கு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் அப்படித்தான், தெருநாய்க்கு வைத்தாலும் அப்படித்தான். கடைக்காரன் கொசுறு போடாவிட்டால் அந்தக் கடைக்கு மறுபடி போகமாட்டாள்.

"அளந்து போட்ட சோறு ஒடம்புல ஒட்டாதுடா தம்பி" என்றாள். "ஆறு வருஷம் கயிச்சி வந்துகீது கொயந்த. நகைக் கடைக்காரன் மாதிரி நிறுத்துப் போடற. ஒரு புடி என் கையால போடக் கூடாதா?"

அமுதா அவளைச் சமையலறைக்குள் அழைத்துப் போய், நோய் என்ன, எண் என்ன, ஏறினால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொன்னாள். அக்கா அதற்கப்புறம் தட்டின் பக்கமே வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஊருக்கு வந்தது இதற்கா என்று தோன்றிவிட்டது.

7

மறுநாள் காலை பின் லைனிலிருந்து தாஸ் அண்ணன் வந்தார். அப்பாவோடு ஒரே சுரங்க ஷாஃப்டில் வேலை செய்தவரின் மகன். காபி குடித்தார், அயர்லாந்தில் குளிர் எப்படி என்று கேட்டார், ஆனால் போகவில்லை. கடைசியில் இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார். மூலையில் முடிச்சு.

"தம்பி, தப்பா நெனச்சிக்காத. நீ தராசு எடுத்தாந்து கீறன்னு லைன்ல பேசிக்கிறாங்க. இது எங்க அப்பன் வெச்சிட்டுப் போனது. இத்தினி நாளா எவன்கிட்டயும் காட்டல. எவ்ளோ கீதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து வந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு குட்டித் தராசில் வெள்ளையாக எதையோ நிறுக்கிறான் என்றால், வேறு ஊரில் வேறு எதையாவது நினைப்பார்கள். எங்கள் ஊர் தங்கம் என்று நினைத்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. தராசு யாருக்காக என்று விளக்கினேன். தாஸ் அண்ணன் வாயைத் திறந்தபடி கேட்டார். பருப்புக்குக் கூடவா கணக்கு என்றார். முறுக்கு ஆகுமா என்றார், ஆகாது என்றேன். கமலாப்பழம் ஆகுமா என்றார். ஆகும் என்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே.

பிறகு முடிச்சை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இதுக்கு இன்னா அவசரம். எங்க அப்பன் காலத்துலேந்து தூங்கினு கீது. நீ கொயந்தைக்கு நிறு."

ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்த வாய்தான் எனக்கு உதவியது. சாயங்காலத்துக்குள் யசோவுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்பது ஸ்கெலட்டன் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் எங்கள் வாசலுக்கு வந்தது கமலாப்பழமும் வெள்ளரிக்காயும்தான். ஒருவர்கூட பால்கோவா கொண்டுவரவில்லை. வருஷக்கணக்காக நான் பயந்த கூட்டம் இதுதான்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாப்பத்தஞ்சுல எனக்கு அஞ்சு குடு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நீ நாப்பது போடு. அந்த அஞ்ச தனியா ஒரு கிண்ணில வெச்சி எங்கையில குடு. நான் கொசுறு போடறேன்."

நிறுத்தேன். நாற்பது தட்டில், ஐந்து கிண்ணியில். யசோ சாப்பிட்டு முடிக்கும் நேரம் பார்த்து அக்கா கிண்ணியிலிருந்து அள்ளி, "இன்னும் கொஞ்சம் சாப்புடு கண்ணு" என்று தட்டில் வைத்தாள். யசோ என்னைப் பார்த்தாள். சாப்பிடலாம் என்று தலையசைத்தேன். அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு எனக்கு உடனே காரணம் தெரியவில்லை. கை கழுவும்போதுதான் உறைத்தது. அவள் பிறந்ததிலிருந்து நாங்கள் போதும் என்று சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறோம். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் யாரும் அவளிடம் இன்னும் கொஞ்சம் என்று சொன்னதே இல்லை.

8

பௌர்ணமியன்று எங்கள் லைனின் பொது மன்றத்தில் எல்லோருக்கும் பாயசம் கொடுப்பார்கள். பால் பாயசம்தான் வழக்கம். லைன் பெண்கள் தனியாக ஒரு சின்ன குண்டானில் ஜவ்வரிசியும் வெல்லமும் போட்டுக் காய்ச்சியிருந்தார்கள். ஜவ்வரிசியில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். வெல்லத்துக்கும் கணக்கில்லை. தேங்காய்ப்பாலை மட்டும் நிறுத்து ஊற்ற வேண்டும். அதற்காக நான் வரும்வரை காத்திருந்தார்கள்.

தராசை வைத்தேன். எண் ஆடிக்கொண்டே இருந்தது. மேலே மின்விசிறி. இந்தச் சின்ன மெஷின்களுக்குக் காற்று ஆகாது. தாஸ் அண்ணன் எழுந்து போய் விசிறிகளை அணைத்துவிட்டு, சுவிட்ச் மேலேயே கை வைத்துக்கொண்டு நின்றார். மே மாத வெயிலில் மன்றம் முழுக்க வேர்த்து வழிந்தது. அத்தனை பேரும் பாயசக் கப்பைக் கையில் பிடித்தபடி அந்தச் சின்னத் திரை நிலைக்கு வரும்வரை அசையாமல் பார்த்தார்கள். எண் நின்றது. தேங்காய்ப்பாலை ஊற்றினேன். கடைசி ஐந்து கிராமை அக்காவிடம் கொடுத்தேன்.

யசோ மற்றப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து குடித்தாள்.

லிமெரிக் திரும்பியதும் விரலில் குத்தி அட்டையை அனுப்பினோம். போன் வந்தபோது நான் ஒரு கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தேன். கட்டுக்குள் இருக்கிறது, போவதற்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு என்றார் டயட்டீஷியன். அங்கே என்ன மாற்றிச் செய்தீர்கள் என்று கேட்டார். கொசுறுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது? என் அக்கா கூடுதலாகப் போட்டாள் என்றேன். கூடுதலாகவா என்றார். ஆமாம், நிறுத்துப் போட்ட கூடுதல் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "கிராண்ட்" என்றார். போனை வைத்துவிட்டு, மோட்டார் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தைரியமாக அழுதேன்.

போன வாரம் பேட்டரி போட்டதும், யசோ ஸ்டூலில் ஏறித் தன் சோற்றைத் தானே நிறுத்தாள். இப்போது அவளே செய்கிறாள். நாற்பது வந்ததும் நிறுத்தினாள். கிண்ணியில் ஐந்தை எடுத்து வைத்து, ஸ்பூனை என் பக்கம் நீட்டினாள்.

"அப்பா, நீ அத்தை மாதிரி சொல்லிப் போடு."

இன்னும் கொஞ்சம் சாப்புடு கண்ணு என்று சொல்லிப் போட்டேன்.